ஹேண்டிகேப் ஸ்கோரை நியாயமாகப் பதிவு செய்வது: முதல் டீயிலிருந்து கமிட்டி வரை

ஹேண்டிகேப் என்பது ஆட்டக்காரரின் திறமைக்கேற்ப ஸ்கோரிலிருந்து கழிக்கக் கிடைக்கும் ஸ்ட்ரோக்குகள், அதாவது அடிகள். அதனால் 6 ஹேண்டிகேப் உள்ளவரும் 26 ஹேண்டிகேப் உள்ளவரும் ஒரே கோப்பைக்காகச் சமமாக மோதலாம். கோல்ஃபின் பெரிய அழகு என்று நான் நினைப்பது இதைத்தான். ஆனால் அந்தச் சமம் தானாக வருவதில்லை. கிளப்பில் உள்ள ஒவ்வொருவரும் ஆடிய ரவுண்டை ஆடியபடியே பதிவு செய்தால்தான் அது நிற்கும். பத்துப் பேர் ஒழுங்காகப் பதிந்து இரண்டு பேர் பதியாவிட்டால், அந்தப் பத்துப் பேரின் உழைப்பும் வீண்.

இந்த வழிகாட்டி உலக ஹேண்டிகேப் முறையை வைத்து எழுதியது. அமெரிக்க கோல்ஃப் சங்கமும் ஆர் அண்ட் ஏ அமைப்பும் சேர்ந்து 2020 ஜனவரியில் இதைக் கொண்டுவந்தன. அதற்கு முன் உலகில் ஆறு தனித்தனி முறைகள் இருந்தன. 2024 ஜனவரியில் சில திருத்தங்கள் வந்தன. கீழே சொல்லியிருப்பவை அந்தத் திருத்தங்களையும் சேர்த்துத்தான். சில விஷயங்களை அந்தந்த நாட்டு கோல்ஃப் சங்கம் முடிவு செய்யும். அவை வரும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதலில், அந்த எண் எதைச் சொல்கிறது?

இதில்தான் பலருக்கும் குழப்பம். ஹேண்டிகேப் இண்டெக்ஸ் உங்கள் சராசரி ஆட்டத்தைச் சொல்வதில்லை. கடைசி 20 ரவுண்டுகளில் மிகச் சிறந்த 8 ரவுண்டுகளின் சராசரிதான் அது. அதாவது, நன்றாக ஆடும் நாளில் உங்களால் என்ன முடியும் என்பதன் அளவு. இதை மனதில் வைத்தால், பெரும்பாலான நாட்களில் உங்கள் ஹேண்டிகேப்புக்கு மேலேதான் ஸ்கோர் வரும் என்பது புரிந்துவிடும். அந்த எட்டிலும் பாதிதான் சராசரிக்குக் கீழே இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஐந்து ரவுண்டுக்கு ஒரு தடவைதான் ஹேண்டிகேப்பைத் தொடுவீர்கள். மாதக்கணக்கில் ஹேண்டிகேப்பைத் தொட முடியவில்லையே என்று வருத்தப்படுபவர்களுக்கும், வாராவாரம் நெட் (ஹேண்டிகேப்பைக் கழித்த ஸ்கோர்) 66 அடிப்பவரைப் பார்த்து யாரும் சந்தேகப்படவில்லையே என்று குமுறுபவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும்.

ஆடப் போவதற்கு முன்

எந்த டீயிலிருந்து (குழியின் முதல் அடியை அடிக்கும் இடத்திலிருந்து) ஆடப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு டீக்கும் தனித்தனியாகக் கோர்ஸ் ரேட்டிங்கும் ஸ்லோப் ரேட்டிங்கும் உண்டு. ஒரே டீயாக இருந்தாலும் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. கோர்ஸ் ரேட்டிங் என்பது ஸ்கிராட்ச் ஆட்டக்காரர் (ஹேண்டிகேப் 0 உள்ளவர்) அந்த டீயிலிருந்து எடுக்க வேண்டிய ஸ்கோர், 71.2 போலப் புள்ளியுடன் வரும். ஸ்லோப் ரேட்டிங், அந்த மைதானம் ஸ்கிராட்ச் ஆட்டக்காரரைவிடப் போகி ஆட்டக்காரரை (குழிக்கு ஏறக்குறைய ஓர் அடி கூடுதலாக எடுப்பவரை) எவ்வளவு கூடுதலாகச் சோதிக்கிறது என்பதைச் சொல்வது. அது 55 முதல் 155 வரை இருக்கலாம். 113 தான் நடுநிலை.

இனி உங்கள் கோர்ஸ் ஹேண்டிகேப்பைக் கணக்கிடுங்கள். இண்டெக்ஸை ஸ்லோப் ரேட்டிங்கால் பெருக்கி 113ஆல் வகுக்க வேண்டும். வந்த விடையோடு, கோர்ஸ் ரேட்டிங்கில் பாரை (மைதானத்துக்கு நிர்ணயித்த அடிகளின் எண்ணிக்கையை) கழித்த மிச்சத்தைச் சேர்க்க வேண்டும். ஒரு உதாரணம்: உங்கள் இண்டெக்ஸ் 18.4. பார் 72, கோர்ஸ் ரேட்டிங் 71.2, ஸ்லோப் 128. 18.4ஐ 128ஆல் பெருக்கி 113ஆல் வகுத்தால் 20.84. அதில் 0.8 குறைந்தால் 20.04. ஆக, கோர்ஸ் ஹேண்டிகேப் 20. எல்லாக் குழியிலும் ஒரு ஸ்ட்ரோக் உண்டு. ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் (குழிகளுக்கு ஸ்ட்ரோக் கிடைக்கும் வரிசை எண்) 1, 2 உள்ள குழிகளில் இரண்டு.

போட்டி என்றால் இன்னொரு படி இருக்கிறது. தனிநபர் ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) கோர்ஸ் ஹேண்டிகேப்பின் 95 சதவீதம், தனிநபர் மேட்ச் பிளேயில் (எதிராளியோடு குழிக்குக் குழி வெற்றி தோல்வி பார்க்கும் ஆட்டம்) முழு 100 சதவீதம் என்பது பரிந்துரை. அப்படி வருவது பிளேயிங் ஹேண்டிகேப். நம் உதாரணத்தில் ஸ்ட்ரோக் பிளேக்கு 19. பரிசு யாருக்கு என்று தீர்மானிக்க மட்டும்தான் இந்த எண். ஸ்கோரைப் பதிவு செய்யும் கணக்கில் கோர்ஸ் ஹேண்டிகேப்தான் வரும். இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம், அன்றைய ரவுண்டு பதிவுக்குத் தகுதியானதா என்று பாருங்கள். கோல்ஃப் விதிப்படி ஆட வேண்டும், கூட ஒருவராவது இருக்க வேண்டும், ரேட்டிங் உள்ள மைதானமாக இருக்க வேண்டும். தனியாக ஆடியது சேராது. ஸ்கிராம்பிள், ஃபோர்சம்ஸ் போல ஆளுக்கொரு பந்து ஆடாத வகைகளும் சேராது. பிடிக்காத ஷாட்டை மல்லிகன் என்று சொல்லித் திரும்ப அடித்த ரவுண்டுக்கும் இங்கே இடமில்லை. ஃபோர்பால் (இருவர் சேர்ந்து, ஆளுக்கொரு பந்தில் ஆடி, குழிக்குச் சிறந்த ஸ்கோரை எடுப்பது) ஸ்கோர் சேருமா என்பது உங்கள் நாட்டுச் சங்கத்தைப் பொறுத்தது.

சில நாடுகளில், போட்டி அல்லாத ரவுண்டைப் பதிய வேண்டும் என்றால் ஆடத் தொடங்கும் முன்பே ஆப்பிலோ கிளப் கணினியிலோ அதைச் சொல்லிவிட வேண்டும். வேறு சில நாடுகளில் அப்படி எதுவும் இல்லை. தகுதியான ரவுண்டு எதுவாக இருந்தாலும் பதிந்தே ஆக வேண்டும். எனக்கு முன்கூட்டியே சொல்லும் முறைதான் பிடிக்கும். பதினெட்டாவது குழி முடிந்ததும் ஸ்கோரைப் பார்த்துவிட்டு, இது சும்மா பழக ஆடியது என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் கிளப்பில் எது நடைமுறை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடும்போது

ஒவ்வொரு குழியும் முடிந்தவுடன் ஸ்கோரை எழுதுங்கள். மொத்த ஸ்கோரை மட்டும் கடைசியில் கூட்டிப் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். குழிவாரியாக இருந்தால்தான் கணினியே சரியான திருத்தத்தைச் செய்யும். மார்க்கரும் (உங்கள் ஸ்கோரைக் குறிப்பவர்) சரிபார்க்க முடியும். பெனால்டி ஸ்ட்ரோக்குகளையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள். தண்ணீரில் போன பந்துக்கான பெனால்டி இரண்டு குழி தள்ளி மறந்துபோவது சாதாரணமாக நடக்கும்.

ஒவ்வொரு குழியிலும் முடிந்தவரை குறைந்த ஸ்கோர் எடுக்க முயல வேண்டும் என்பது இந்த முறையின் விதியே. மேட்ச் முடிவாகிவிட்டது என்று கடைசி இரண்டு குழிகளில் வேண்டுமென்றே மூன்று பட் (கிரீனில், அதாவது குழியைச் சுற்றியுள்ள குட்டைப்புல் தரையில், பந்தைக் குழி நோக்கி உருட்டும் அடி) போடுவது, பொய் ஸ்கோர் எழுதுவதற்குச் சமம். அட்டையில் எழுதிய எண் உண்மையாகத்தான் இருக்கும். ஆட்டம்தான் பொய்யாக இருக்கும்.

குழியை முடிக்காமல் பந்தை எடுத்துவிட்டால் என்ன செய்வது? மேட்ச் பிளேயில் எதிராளி கடைசி பட் விழுந்ததாகவே ஏற்று விட்டுக்கொடுப்பார். ஸ்டேபிள்ஃபோர்டில் (குழிக்குக் குழி புள்ளி கொடுக்கும் ஆட்டம்) இனி புள்ளி கிடைக்காது என்று நீங்களே எடுத்துவிடுவீர்கள். இரண்டும் தவறில்லை. அப்போது எழுத வேண்டியது, அந்தக் குழியை முடித்திருந்தால் பெரும்பாலும் எத்தனை ஆகியிருக்கும் என்ற எண். இதற்கு வழிகாட்டும் அளவு இருக்கிறது. பந்து கிரீனில், குழியிலிருந்து 5 அடிக்குள் இருந்தால் ஒரு ஸ்ட்ரோக் கூட்டுங்கள். 5 அடிக்கு மேல் 20 கஜம் வரை என்றால் இரண்டோ மூன்றோ. 20 கஜத்துக்கும் அப்பால் என்றால் மூன்றோ நான்கோ. இரண்டா மூன்றா என்பதில் கிரீனின் கடினத்தையும் உங்கள் திறமையையும் நேர்மையாகப் பாருங்கள். நான்கு ஸ்ட்ரோக்கில் வந்து 4 அடியில் நிற்கும் பந்தை எதிராளி விட்டுக்கொடுத்தால் 5 என்று எழுதுவதுதான் சரி, 6 இல்லை.

நண்பர்களோடு ஸ்ட்ரோக் பிளே ஆடும்போது ஒவ்வொரு சின்னப் பட்டையும் பரஸ்பரம் விட்டுக்கொடுத்துக்கொண்டு, விட்டதை ஸ்ட்ரோக்காகவே கணக்கில் சேர்க்காத குழுக்கள் உண்டு. அந்த ஸ்கோர்களால் இண்டெக்ஸ் நிஜத்தைவிடக் கீழே போய்விடும். பிறகு எல்லாப் பட்டையும் போட்டு முடிக்க வேண்டிய கிளப் போட்டியில் தடுமாறுவார்கள். ஸ்ட்ரோக் பிளே என்றால் பந்தைக் குழிக்குள் போட்டு முடியுங்கள்.

ஆடவே ஆடாத குழிகள் இருந்தால்? மழை வந்துவிட்டது, இருட்டிவிட்டது, அல்லது மேட்ச் 15ஆவது குழியிலேயே முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 2024 திருத்தத்துக்குப் பின் குறைந்தது 10 குழிகள் ஆடியிருந்தால் அது 18 குழி ஸ்கோராகவே சேரும். மீதிக் குழிகளுக்கு உங்கள் இண்டெக்ஸை வைத்து எதிர்பார்க்கப்படும் மதிப்பைக் கணினி போட்டுக்கொள்ளும். 9 குழி மட்டும் ஆடியதற்கும் அதே வழிதான். ஆடாத குழிகளில் நீங்களாக பார் என்று எழுதிவைக்க வேண்டாம். ஸ்கோர் நன்றாகப் போகிறதே என்று பயந்து, காரணமில்லாமல் நடுவில் நிறுத்திவிடுவது தப்பிக்கும் வழியும் அல்ல; கிளப்பின் ஹேண்டிகேப் கமிட்டி அதைக் கேட்கலாம்.

ரவுண்டு முடிந்த அப்புறம்

இப்போது நெட் டபுள் போகி. ஒரே ஒரு மோசமான குழி முழு ரவுண்டின் கணக்கையும் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு குழிக்கும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது: பார், அதோடு 2, அதோடு அந்தக் குழியில் உங்களுக்குக் கிடைக்கும் ஸ்ட்ரோக்குகள்.

மேலே சொன்ன அதே ஆட்டக்காரர், கோர்ஸ் ஹேண்டிகேப் 20, மொத்தம் 97 எடுத்தார் என்று வைப்போம். ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 7 உள்ள பார் 4இல் 9 எடுத்திருக்கிறார். அங்கே அவருக்கு ஒரு ஸ்ட்ரோக், ஆகவே உச்சம் 7, இரண்டு குறைகிறது. ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 2 உள்ள பார் 5இல் 10. அங்கே இரண்டு ஸ்ட்ரோக், உச்சம் 9, ஒன்று குறைகிறது. ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 18 உள்ள பார் 3இல் 6. உச்சமும் 6தான், எதுவும் குறையாது. திருத்திய மொத்தம் 94.

இதிலிருந்து ஸ்கோர் டிஃபரன்ஷியல் (மைதானத்தின் கடினத்துக்கேற்ப மாற்றிய ஸ்கோர்) வருகிறது. 94இல் கோர்ஸ் ரேட்டிங் 71.2ஐக் கழித்தால் 22.8. அதை 113ஆல் பெருக்கி ஸ்லோப் 128ஆல் வகுத்தால் 20.1. இதுதான் உங்கள் பதிவேட்டில் ஏறும் எண். 97க்குப் பதில் 92 எடுத்து, திருத்தமே தேவைப்படாமல் இருந்திருந்தால் டிஃபரன்ஷியல் 18.4, அதாவது சரியாக உங்கள் இண்டெக்ஸ். நெட் 72 என்றால் ஹேண்டிகேப்புக்குச் சரியாக ஆடியிருக்கிறீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

பரிசுக்கான ஸ்கோர் வேறு, பதிவுக்கான ஸ்கோர் வேறு என்பதையும் இங்கே பாருங்கள். ஸ்ட்ரோக் பிளே போட்டியில் அட்டையில் 97தான். நெட் டபுள் போகி திருத்தம் ஹேண்டிகேப் கணக்குக்கு மட்டும். ஆப்பில் குழிவாரியாக, எடுத்த எண்ணை அப்படியே போடுங்கள். குறைப்பதை அது பார்த்துக்கொள்ளும். நீங்களும் குறைத்து எழுத வேண்டாம்.

பதிவதற்கு முன் டீயின் நிறத்தை ஒருமுறை சரிபாருங்கள். வெள்ளை டீயிலிருந்து ஆடிவிட்டு நீல டீயில் பதிந்தால் ரேட்டிங்கும் ஸ்லோப்பும் இரண்டும் மாறி, டிஃபரன்ஷியல் தவறாக ஏறும். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலே பதிவேடு கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அன்றே, நள்ளிரவுக்குள்

ரவுண்டு முடிந்த அன்றே பதிய வேண்டும். காரணம் ஒழுங்கு மட்டும் இல்லை. அன்று அந்த மைதானத்தில் பதிவான ஸ்கோர்களை வைத்து, காற்று, மழை, கிரீனின் நிலை எல்லாம் ஆட்டத்தை வழக்கத்தைவிட மாற்றினவா என்று இரவில் கணினி ஒரு கணக்குப் போடுகிறது. 36.0 வரை இண்டெக்ஸ் உள்ளவர்களிடமிருந்து குறைந்தது 8 தகுதியான ஸ்கோர்கள் இருந்தால்தான் அந்தக் கணக்கே நடக்கும். விடை -1 முதல் +3 வரை இருக்கலாம், பெரும்பாலும் பூஜ்யம்தான். பலத்த காற்று வீசிய நாளில் +1 வந்தால், நம் ஆட்டக்காரரின் 20.1 தானாக 19.2 ஆகிவிடும். இரண்டு நாள் கழித்துப் பதிந்தால் அந்தத் திருத்தம் உங்களுக்குக் கிடைக்கும். ஆனால் மற்றவர்களுக்கான கணக்கில் உங்கள் ஸ்கோர் சேர்ந்திருக்காது. நாலைந்து பேர் தாமதித்தால், கஷ்டமான நாளில் ஆடிய எல்லோருக்கும் நஷ்டம்.

நல்ல ரவுண்டும் கெட்ட ரவுண்டும்

இந்த வழிகாட்டியிலேயே இதுதான் எனக்கு முக்கியம்.

நல்ல ரவுண்டை மறைப்பவரை எல்லோருக்கும் தெரியும். சாண்ட்பேகர் என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். சிறந்த எட்டில் 20.0 டிஃபரன்ஷியல் ஒன்று இருக்கிறது; அதன் இடத்துக்கு 12.0 ஒன்று வர வேண்டும். வந்தால் எட்டின் சராசரி 1.0 குறையும். அதைப் பதியாமல் விட்டால், அடுத்த போட்டியில் ஒரு ஸ்ட்ரோக் மற்றவர்கள் பையிலிருந்து எடுத்ததுதான். இப்படி மூன்று ரவுண்டு மறைத்தவர் மூன்று ஸ்ட்ரோக் முன்னால் நின்று தொடங்குகிறார். இதற்குக் கள்ளத் தராசு என்பதைவிட மென்மையான பெயர் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

கெட்ட ரவுண்டை மறைப்பவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என்னவோ பெருந்தன்மை மாதிரி ஆகிவிட்டது. 'இது எப்படியும் எட்டில் சேராது, பதிந்து என்ன பயன்?' என்பார்கள். அது தவறு. பதிவேட்டில் 20 இடம்தான் இருக்கிறது. புதிதாக ஒன்று ஏறினால் பழையது ஒன்று வெளியே போகும். நீங்கள் இன்று பதியும் 27.5 எட்டில் சேராமல் போகலாம். ஆனால் அது உள்ளே வந்ததால், போன வருஷம் நீங்கள் அற்புதமாக ஆடிய 15.2 வெளியேறலாம், அதன் இடத்தில் ஒன்பதாவதாக இருந்த 20.8 எட்டுக்குள் வரும். இண்டெக்ஸ் 0.7 ஏறும். அந்த ஏற்றம் உங்கள் இன்றைய ஆட்டத்துக்கு நியாயமானது. மோசமான ரவுண்டுகளைத் தொடர்ந்து விட்டுவிடுபவர், எப்போதோ ஆடிய ஆட்டத்தின் எண்ணைச் சுமந்துகொண்டிருப்பார். தனியாகத் தோற்றால் அவர் பாடு. குழுப் போட்டியில் அவரோடு சேர்ந்த பார்ட்னரும் தோற்கிறாரே, அவர் என்ன பாவம் செய்தார்? 11 என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில் 15ஐ மறைப்பதும் பதிவேட்டில் பொய்தான்.

ஆகவே எதைப் பதிய வேண்டும் என்று யோசிக்கும் வேலையே உங்களுக்கு வேண்டாம். தகுதியான ரவுண்டு எல்லாவற்றையும் பதியுங்கள். எந்த எட்டை எடுப்பது என்பதைக் கணினியிடம் விட்டுவிடுங்கள்.

முறையே வைத்திருக்கும் தடுப்புகள்

உங்கள் பதிவேட்டில் 20 ஸ்கோர் சேர்ந்த பிறகு, கடந்த 365 நாட்களில் நீங்கள் தொட்ட மிகக் குறைந்த இண்டெக்ஸை முறை நினைவில் வைத்திருக்கும். அதிலிருந்து 3.0க்கு மேல் ஏறினால், அதற்கு மேற்பட்ட ஏற்றத்தில் பாதிதான் சேரும். எப்படிப் பார்த்தாலும் 5.0க்கு மேல் ஏற விடாது. குறைந்த இண்டெக்ஸ் 12.0 இருந்து, கணக்குப்படி 17.0 வந்தால் 16.0தான் கிடைக்கும். காயமோ நோயோ வந்து ஆட்டம் உண்மையிலேயே தளர்ந்தவர்களுக்கு இது கடுமையாகத் தெரியும். அவர்கள் கமிட்டியிடம் சொன்னால், காரணம் சரியாக இருந்தால் கமிட்டி தளர்த்தலாம்.

மறுபக்கமும் உண்டு. ஆடிய நேரத்து இண்டெக்ஸைவிட டிஃபரன்ஷியல் 7.0 முதல் 9.9 வரை குறைவாக வந்தால், பதிவேட்டில் உள்ள 20 டிஃபரன்ஷியல்களிலும் 1.0 கழியும். 10.0 அல்லது அதற்கு மேல் போனால் 2.0. வாழ்நாள் ரவுண்டு ஆடிய மகிழ்ச்சியில் இது தண்டனை போலத் தெரியலாம். அப்படி இல்லை. அந்த அளவு ஆட முடியும் என்று காட்டிவிட்டீர்கள். முறை அதை நம்புகிறது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

54 குழிகள் பதிந்தால் இண்டெக்ஸ் கிடைக்கும். மூன்று 18 குழி ரவுண்டுகளாகவோ, 9 குழி ரவுண்டுகளைச் சேர்த்தோ. ஆண், பெண் எல்லோருக்கும் உச்சம் 54.0. இண்டெக்ஸ் வரும்வரை ஒவ்வொரு குழிக்கும் பாரோடு 5தான் உச்சம். மூன்று ஸ்கோர் மட்டும் இருக்கும்போது மிகக் குறைந்த ஒன்றை எடுத்து அதிலும் 2.0 கழிப்பார்கள், எனவே முதல் எண் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். முதல் ரவுண்டுகளில் அதிகமாக எடுத்து எண்ணை உயர்த்தி வைத்துக்கொள்ளச் சொல்லும் 'அனுபவசாலி'களின் பேச்சைக் கேட்காதீர்கள். இயல்பாக ஆடுங்கள், பதியுங்கள்.

கூட ஆடுபவர்களும் கமிட்டியும்

உங்கள் ஸ்கோர்களை கிளப்பில் உள்ள மற்றவர்கள் பார்க்க முடியும். முறை அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. யாரும் யாரையும் வேவு பார்ப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கூட ஆடியவர் 85 எடுத்ததைப் பார்த்தீர்கள், பதிவில் 91 இருக்கிறது. முதலில் அவரிடமே கேளுங்கள்: 'அண்ணே, சனிக்கிழமை ஸ்கோர்ல ஏதோ தப்பா ஏறியிருக்கு போல, பாத்தீங்களா?' பெரும்பாலும் தட்டச்சுப் பிழைதான் இருக்கும். பதில் சரியில்லை என்றால் ஹேண்டிகேப் கமிட்டியிடம் தேதியும் விவரமும் சொல்லுங்கள். கிளப்ஹவுஸில் நாலு பேரிடம் முணுமுணுத்துவிட்டுக் கமிட்டியிடம் போகாமல் இருப்பது, தவறு செய்யாதவரையும் கறைப்படுத்திவிடும்.

கமிட்டிக்குப் போதுமான அதிகாரம் உண்டு. பதியாமல் விட்ட ஸ்கோரைத் தேடிப் பதியலாம், அதன் இடத்தில் பெனால்டி ஸ்கோர் போடலாம். இண்டெக்ஸை ஏற்றவோ இறக்கவோ முடக்கவோ செய்யலாம். மீறல் தொடர்ந்தால் இண்டெக்ஸையே திரும்பப் பெறலாம். எது செய்தாலும் ஆட்டக்காரருக்குச் சொல்லி, அவர் பதிலைக் கேட்க வேண்டும். கமிட்டியில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: போட்டி ஸ்கோர்களையும் சாதாரண ரவுண்டு ஸ்கோர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போட்டியில் மட்டும் எப்போதும் ஐந்தாறு ஸ்ட்ரோக் குறைவாக ஆடுபவர் இருந்தால், அந்த இடைவெளிக்கு ஒரு விளக்கம் வேண்டும்.

உங்கள் பக்கம் பிழை நடந்துவிட்டால், தவறான டீ, தவறான தேதி, ஒரு குழியில் தவறான எண் என்று எதுவாக இருந்தாலும், கிளப்புக்கு உடனே தகவல் சொல்லுங்கள். சில ஆப்களில் பதிந்ததை நீங்களே மாற்ற முடியாது. கிளப்தான் மாற்ற வேண்டும். அழித்துவிட்டு இன்னொன்று பதிந்தால் ஒரே ரவுண்டு இரண்டு முறை ஏறிவிடும் ஆபத்தும் இருக்கிறது. ஸ்கோர் அட்டையின் படத்தை அனுப்பிவையுங்கள். கிளப் திருத்தியதும் இண்டெக்ஸ் மறுபடி கணக்கிடப்படும். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன் ஆப்பைத் திறந்து, புதிய எண் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.